முசுறு வரிசையில் ஒரு வேஷதாரி

மாமரத்தில் முசுறு ஊர்ந்தால் நாம் ஒதுங்கிப் போவோம். மேக்ரோ புகைப்படப் பித்துப் பிடித்தவர் அங்கேயே குந்திவிடுவார். அந்தச் சிவப்பு எறும்புகளின் அருகே, அவற்றைப் போலவே வேஷம் கட்டிய தாவும் சிலந்தி ஒன்று திரிவதுண்டு. ஒடுங்கிய இடுப்பு, உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும் முன்கால்கள். ஆணின் நீண்ட தாடையோ, எறும்பு ஒன்று இன்னோர் எறும்பைக் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும். முகத்தின் இரு பெரிய கண்கள்தாம் காட்டிக்கொடுக்கும். அதற்கு நெருங்க வேண்டும்.

நெருங்குவதற்கு லட்சங்கள் வேண்டாம். அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் வைத்துத் தலைகீழாகப் பொருத்தினால் போதும். எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். ஆகவே ஃபோகஸ் வளையத்தைத் திருகுவதில் பயனில்லை. உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அமுக்க வேண்டும். ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர். பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் என்ன ரசனையோ!

தாவும் சிலந்தியின் பெரிய கண்களில் லென்ஸ் அசையாது, உள்ளே விழித்திரைதான் நகரும். அதனால் ஒரே கண் ஒரு படத்தில் கறுப்பாகவும் அடுத்ததில் வெளிறியும் விழும். விவரம் தெரியாதவர் கேமரா செட்டிங்கை மாற்றிக்கொண்டிருப்பார்.