கிளிப் போடுவதற்கு முன்னால் கொடுத்த மருந்து

எலியின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியில் சின்னதாக ஒரு கிளிப் போடுகிறார்கள். முக்கால் மணியோ ஒரு மணி நேரமோ கழித்து அதை எடுத்ததும், வெளிறிக் கிடந்த குடல் மறுபடி சிவக்கிறது. பிழைத்தது என்றுதான் தோன்றும். ஆனால் 1986-ல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற ஆய்வாளர்கள் பூனைகளில் கண்டது வேறு. நான்கு மணி நேரம் இரத்தமே இல்லாமல் கிடந்த குடலைவிட, மூன்று மணி நேரம் இல்லாமல் இருந்து பிறகு ஒரு மணி நேரம் இரத்தம் பாய்ந்த குடலின் உட்சவ்வு மோசமாகச் சிதைந்திருந்தது.

இரத்தம் நின்ற நேரத்தில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சிதைந்து ஹைப்போசாந்தைன் சேர்கிறது. ஆக்சிஜன் திரும்பியதும் சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதிலிருந்து சூப்பர் ஆக்ஸைடு என்ற ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்குகிறது. பின்னாலேயே வெள்ளணுக்கள் படையெடுக்கின்றன. இதைத் தடுக்கத்தான் மஞ்சளின் குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், வெங்காயத்தின் க்வெர்செடின் எல்லாம் சோதிக்கப்படுகின்றன. இவற்றைக் கொடுத்த எலிகளில் குடலுறிஞ்சிகள் அவ்வளவாக உதிர்வதில்லை என்று ஆய்வுக்கு ஆய்வு சொல்கிறார்கள்.

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. சேர்மம் தெரியும், அளவு தெரியும். சேதத்தை மதிப்பிட, 1970-ல் சியூ குழு வகுத்த பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான படிநிலை இருக்கிறது. குடலைப் பொறுத்தவரை இன்னொரு சாதகமும் உண்டு. குர்குமின் இரத்தத்தில் சரியாகச் சேராது என்பது பழைய புகார். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் அது பல மடங்கு கூடுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு காட்டிய பிறகுதான் மாத்திரைக் கம்பெனிகள் மிளகைத் தேடிப் போயின. ஆனால் வாய்வழி கொடுத்த குர்குமின் இரத்தத்தில் சேராவிட்டாலும் குடல் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான சோதனைகளில் மருந்து கிளிப் போடுவதற்கு முன்பே, சிலவற்றில் பல நாள் முன்பே, கொடுக்கப்படுகிறது. தமனியில் இரத்தக்கட்டி அடைத்து, தாங்க முடியாத வயிற்றுவலியோடு வரும் நோயாளிக்கு அந்த வாய்ப்பு ஏது? சி.டி. ஸ்கேனில் காரணம் பிடிபடுவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். இந்நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோவதும் அதனால்தான். குடல் மாற்று அறுவையிலும் பெருந்தமனி அறுவையிலும் இரத்தம் நிற்கப்போகும் நேரம் முன்பே தெரியும். முன்கூட்டிக் கொடுப்பதற்கு அங்கேதான் பொருள் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையோ இரத்தக்கட்டி அடைத்த நோயாளியைக் காட்டித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

இன்னொன்று, கரைப்பான். தண்ணீரில் கரையாத இந்தச் சேர்மங்களை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து ஊசி போடுவது வழக்கம். அதுவே ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கும். கரைப்பான் மட்டும் பெற்ற எலிகள் சோதனையில் இல்லையென்றால், காப்பாற்றியது மஞ்சளா கரைப்பானா என்று யார் சொல்வது?

எலிக் குடலை மனிதக் குடலாக எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள், கணைய அறுவையில் எப்படியும் வெட்டி எடுக்கப்படும் சிறுகுடல் துண்டில், நோயாளியின் சம்மதத்தோடு, அரைமணி நேரம் இரத்தத்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவு வியப்பானது. சேதமடைந்த செல்கள் குடலுக்குள் உதிர்ந்துவிட, பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை அடைத்துக்கொண்டன. குறுகிய தடையைத் தானே சரிசெய்துகொள்ளும் குடலில் மருந்தின் பங்கைப் பிரித்துக் காட்டுவது லேசல்ல.

எல்லாச் சேர்மமும் எல்லா எலியையும் காப்பாற்றுகிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. தோற்ற சோதனைகள் அச்சேறுவது அரிது. ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி நிறைய எழுதிய தீபக் தாஸின் ஆய்வுகளில் 145 இடங்களில் புனைவும் திரிப்பும் இருந்ததாக, அவர் வேலை பார்த்த கனெக்டிகட் பல்கலைக்கழகமே 2012-ல் அறிவித்தது. ஃப்ரீ ராடிக்கல்களைப் பிடிக்கும் என்எக்ஸ்ஒய்-059, விலங்குகளில் பக்கவாதத்துக்கு நன்றாக வேலை செய்தும், பெரிய மனிதச் சோதனையில் கைகொடுக்கவில்லை. அது தாவரச் சேர்மம் அல்ல. ஆனாலும் நம்பிய தர்க்கம் இதேதான்.

புதிதாக ஒரு மூலிகைச் சேர்மத்தை மறுபடி முன்கூட்டியே கொடுத்துப் பார்ப்பதைவிட, இருக்கும் குர்குமினையே கிளிப்பை எடுக்கும் நொடியிலும் எடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் கொடுத்து, எந்த எலிக்கு எது போட்டோம் என்று தெரியாதவரைக் கொண்டு குடலை மதிப்பிடச் செய்யலாம். பலன் இல்லையென்று வந்தால் அதையும் அச்சிட வேண்டும்.