வாசிக்கத் தெரியாத தீர்ப்பு

ஒரு பெண்ணின் காதல் கடிதங்களைக் கற்பனையாகக் கொள்வதா, வாக்குமூலமாகக் கொள்வதா? 1922 டிசம்பரில் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் எழுந்த இக்கேள்விக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

எடித் தாம்சன் 28 வயதான மணமான பெண். ஃபிரெடரிக் பைவாட்டர்ஸ் கப்பலில் பணியாற்றிய 20 வயது இளைஞர். இருவரிடையே மறைவான உறவு இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் மனைவியோடு இல்ஃபோர்டு வீதியில் நடந்துவந்த பெர்சி தாம்சனைப் பைவாட்டர்ஸ் கத்தியால் குத்திக் கொன்றார். எடித்துக்கு இதில் பங்கில்லை என்று அவர் இறுதிவரை கூறினார். ஆயினும் அவர் பாதுகாத்து வைத்திருந்த எடித்தின் கடிதங்களே எடித்துக்கு எதிரான சாட்சிகளாயின.

கணவரின் உணவில் கண்ணாடித் தூளைக் கலந்ததாக எடித் அவற்றில் எழுதியிருந்தார். உடலை ஆய்ந்த மருத்துவர் பெர்னார்டு ஸ்பில்ஸ்பரி அதற்கான தடயம் எதையும் காணவில்லை. அதே கடிதங்களில் தாம் படித்த நாவல்களைப் பற்றியும் எடித் விரிவாக எழுதியிருந்தார். வாழ முடியாத வாழ்வை எழுத்தில் வாழ்ந்து பார்த்த மனத்தை அம்மன்றம் அறியவில்லை. நீதிபதி ஷியர்மனோ முறைதவறிய உறவின் மீது தமக்கிருந்த அருவருப்பை மறைக்கவுமில்லை. 1923 ஜனவரி 9-ஆம் நாள் காலை 9 மணிக்கு இருவரும் வெவ்வேறு சிறைகளில் தூக்கிலிடப்பட்டனர்.

இவ்வழக்கை அடியொற்றி எஃப். டென்னிசன் ஜெஸ்ஸி 1934-இல் ‘எ பின் டு சீ த பீப்ஷோ’ என்னும் நாவலை எழுதினார். அதன் நாயகி ஜூலியா குற்றமற்ற தெய்வப்பாவை அல்லள். தற்பெருமையும் பொய்யும் உடையவள். கனவுகளால் தன்னையே ஏமாற்றிக்கொள்பவள். அவளுடைய குறைகளை மறைக்காமலே அவள் மீது நம்மை இரங்க வைப்பது ஆசிரியரின் வெற்றி. எனினும் கணவனை நாம் பெரிதும் அவளது சலிப்பின் வழியாகவே காண்கிறோம். கொல்லப்பட்டவனுக்கும் ஓர் அகவாழ்வு உண்டு என்பதை நாவல் போதிய அளவு உணர்த்தவில்லை. இதனை ஒரு குறையாகவே கொள்ள வேண்டும்.

ஆயினும் இந்நாவல் எழுப்பும் வினா இன்றும் கூர்மழுங்கவில்லை. பாவம் வேறு, குற்றம் வேறு. எடித் தம் திருமண உறுதியை மீறினார், அது உண்மை. ஆனால் அந்த மீறலைக் கொண்டே கொலையையும் மெய்ப்பித்துவிட்டதாக ஒரு மன்றம் எண்ணுமாயின், அங்கு நீதியின் இடத்தில் வெறுப்பே அமர்ந்திருக்கிறது. பிறர் எழுத்தை வாசிக்கும் நாமும் தீர்ப்பிடும் முன் ஒருகணம் தயங்குதல் நன்று.