அட்மிரல் டாம் பிலிப்ஸ்: பழியும் நடுநிலையும்

தோற்றவரை மதிப்பிடுதல் வென்றவரை மதிப்பிடுதலினும் அரிய செயல். வென்றவர் செய்த பிழைகளை வெற்றி மறைத்து விடும். தோற்றவர் செய்த நல்லனவற்றைத் தோல்வி விழுங்கி விடும். பிரித்தானியக் கடற்படைத் தலைவர் சர் டாம் பிலிப்ஸ் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

1941 டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தானுக்குக் கிழக்கே நடுக்கடலில், 'பிரின்ஸ் ஆவ் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. மாண்டோர் 840 பேர். அவர்களுள் பிலிப்ஸும் ஒருவர். விமானத்தின் வலிமையை அறியாத பழங்கால மாலுமி என்று அவரை ஒரே வரியில் ஒதுக்கி விடுவோர் பலர். மலாயாவின் வரலாற்றைக் கற்பிப்போர் இவ்வொரு வரியை அப்படியே மாணவரிடம் சேர்ப்பது முறையாகுமா என்பது ஆராயத் தக்கது.

அலுவலகத்தில் வளர்ந்த தலைவர்

பிலிப்ஸ் 1888இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பீரங்கிப்படை அதிகாரியின் மகனாகப் பிறந்தார். 1903இல் கடற்படைப் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். உருவத்தில் சிறியவர், அறிவில் கூரியவர், உழைப்புக்கு அஞ்சாதவர். 1927இல் காப்டன் பதவி பெற்றார். 1935 முதல் 1938 வரை இலண்டன் கடற்படைத் தலைமையகத்தில் திட்டப் பிரிவின் இயக்குநராக விளங்கினார். பின்னர்ச் சிறிது காலம் நாசகாரிக் கப்பல் அணிகளை நடத்தினார். 1939இல் மீண்டும் தலைமையகம் புகுந்து, கடற்படைத் தலைமைத் தளபதிக்கு அடுத்த நிலையில் 1941 அக்டோபர் வரை பணியாற்றினார்.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத் தக்கது. போர் மூண்ட பின் ஈராண்டுக் காலம் அவர் கடலில் எந்தக் கப்பலையும் நடத்தவில்லை. 1940 நவம்பரில் டாரண்டோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்கள் விமானத்தால் சிதைந்ததும், 1941 மே மாதத்தில் கிரீட் தீவைச் சுற்றிப் பிரித்தானியக் கப்பல்கள் விமானத்தால் மூழ்கியதும் அவருக்கு அறிக்கைகளாகவே வந்து சேர்ந்தன. குண்டு விழும் கப்பலின் மேல்தளத்தில் நின்று கற்கும் பாடம் வேறு. கோப்பில் படித்து அறியும் பாடம் வேறு.

எனினும் அவரைத் தலையாட்டும் பதவியாளர் எனல் பொருந்தாது. செருமானிய நகரங்களின் மீது குண்டு வீசுதல், 1941இல் கிரேக்க நாட்டிற்குப் படை அனுப்புதல் ஆகியவற்றில் அவர் பிரதமர் சர்ச்சிலோடு மாறுபட்டார். அதனால் சர்ச்சிலின் பழைய அன்பையும் இழந்தார்.

மூன்று குற்றச்சாட்டுகள்

பிலிப்ஸ் மீது கூறப்படும் குற்றங்கள் மூன்று. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது பிழை என்பது முதலாவது. விமானத்தை இகழ்ந்தார் என்பது இரண்டாவது. வானொலியில் வாய்திறவாமல் இருந்தார் என்பது மூன்றாவது.

முதலாவது நிற்காது. டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். கரையில் போர்வீரர் மடிந்து கொண்டிருக்கப் பெருங் கப்பல்கள் செம்பாவாங் கடற்படைத் தளத்தில் கட்டுண்டு கிடந்திருப்பின், அதுவே மாறாத வசையாகியிருக்கும். அன்று மாலையே பிலிப்ஸ் நான்கு நாசகாரிக் கப்பல்களுடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

இரண்டாவது பாதி உண்மை. திறமையாக நடத்தப்படும் போர்க்கப்பல் விமானத்தைத் தாங்கும் என்று அவர் நெடுநாள் நம்பியது மெய்யே. ஆயினும் புறப்படுமுன் விமானப்படையிடம் அவர் உதவி கேட்டார். வடக்கே வேவு பார்க்கவும், 10ஆம் நாள் விடியலில் சிங்கோராக் கடலில் போர் விமானக் காவல் தரவும் வேண்டினார். விமானத்தை முற்றிலும் இகழ்ந்தவர் இவ்வாறு கேட்டிருப்பாரா? காவல் இயலாது என்ற விடை வந்த பின், பகைவர் அறியாமல் சென்று தாக்கலாம் என்று எண்ணித் தொடர்ந்தார். 9ஆம் நாள் மாலை பகை விமானங்கள் தம்மைக் கண்டு கொண்டன என்று அறிந்ததும், அன்றிரவே திரும்பி விட்டார். இதுவரையில் அவர் செய்தவை அனைத்தும் காரணம் காட்டக் கூடியவையே.

பேசாத காலை

மூன்றாவது குற்றமே கனமானது. நள்ளிரவையொட்டிக் குவாந்தானில் பகைவர் இறங்குவதாகச் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிலிப்ஸ் கப்பல்களைக் குவாந்தான் பக்கம் திருப்பினார். ஆனால் திருப்பியதைச் சிங்கப்பூருக்குத் தெரிவிக்கவில்லை. அங்கிருந்த அவருடைய துணைத் தலைவர் பாலிசர் தம் கருத்தை உய்த்துணர்ந்து குவாந்தானுக்கு விமானங்களை அனுப்புவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர். காலையில் குவாந்தானில் பகைவர் எவரும் இல்லை. செய்தி பொய்யாயிற்று.

பத்து மணிக்கு மேல் ஜப்பானிய வேவு விமானம் கப்பல்களைக் கண்டது. அதன் பின் மௌனத்தால் காக்கப்படும் இரகசியம் ஒன்றுமில்லை. 11 மணி கடந்து தாக்குதல் தொடங்கியது. அப்போதும் பிலிப்ஸ் விமான உதவி கேட்கவில்லை. 12 மணியை நெருங்கும் போது செய்தி அனுப்பியவர் 'ரிபல்ஸ்' கப்பலின் காப்டன் டெனன்ட். செம்பாவாங்கிலிருந்து புறப்பட்ட ஆஸ்திரேலிய விமானங்கள் வந்து சேர்ந்த பொழுது 'ரிபல்ஸ்' மூழ்கியிருந்தது; 'பிரின்ஸ் ஆவ் வேல்ஸ்' மூழ்கிக் கொண்டிருந்தது. சாய்கோன் பக்கத்திலிருந்து 400 மைலுக்கும் மேல் பறந்து வந்த ஜப்பானியக் குண்டு விமானங்களுக்குப் போர் விமானத் துணை இல்லை. ஆகவே, பழைய வகை விமானங்கள் சிலவேனும் உரிய நேரத்தில் வந்திருந்தால், டார்ப்பிடோத் தாக்குதல் அவ்வளவு எளிதாக நடந்திராது.

இப்பிழையின் வேர் அவருடைய பணி வாழ்க்கையிலேயே உள்ளது. தலைமையகத்தில் ஒரே கட்டடத்தில், ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பணிபுரிவோர் குறிப்பாலேயே ஒருவர் மனத்தை மற்றவர் அறிவர். கடலில் இருக்கும் தலைவரின் மனத்தைக் கரையில் இருப்பவர் அவ்வாறு அறிதல் அரிது. கடற்போரின் நடுவே பழகியவர் இதனை மறவார். எழுத்துப் பணியில் ஆண்டுகள் கழித்தவர் மறந்து விடுதல் கூடும்.

அனுப்பியவர் பொறுப்பு

இனி, அவரை அனுப்பியவர்களை நோக்க வேண்டும். ஐரோப்பாவில் போர் நடக்கும் போதே கிழக்கிலும் போர் மூண்டால் அனுப்புதற்குப் போதிய கப்பல்கள் இலண்டனிடம் இல்லை. ஜப்பானை அச்சுறுத்த ஒரு புதிய கப்பல் போதும் என்று சர்ச்சில் வலியுறுத்தினார். அணியில் சேர வேண்டிய 'இண்டோமிடபிள்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1941 நவம்பரில் ஜமைக்காவருகே தரைதட்டியது. அதற்கு மாற்று அனுப்பப்படவில்லை. வழியில் பிலிப்ஸைச் சந்தித்த தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ், கிழக்குக் கடலில் நேச நாட்டுக் கப்பற்படைகள் பிரிந்து கிடப்பதன் இடரைச் சர்ச்சிலுக்குத் தந்தி மூலம் எச்சரித்தார். எச்சரிக்கை வந்தது; ஏற்பாடு மாறவில்லை.

திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்து, அவற்றின் பின் தெரிந்துதெளிதலையும் தெரிந்துவினையாடலையும் வைத்திருப்பது கருத்துடையது. பிலிப்ஸை முதல் மூன்றனைக் கொண்டு அளப்போர் பலர். பின்னிரண்டைக் கொண்டு அவரைத் தேர்ந்தெடுத்தோரை அளப்போர் சிலரே. அறிவாளி ஒருவரை அவருக்குப் பழகாத வினையில், போதாத கருவியோடு நிறுத்தியது யார் பிழை?

குவாந்தான் தோல்விக்குப் பின் 70 நாள் கழியுமுன், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மீளவில்லை. இத்துணைத் துன்பத்தையும் ஒருவர் தலையில் சுமத்தினால் வரலாறு எளிதாகும்; ஆனால் மாணவர் அதனால் கற்பது குறைவு. பேச வேண்டிய நேரத்தில் பேசாத குற்றம் பிலிப்ஸுடையது. தனியே விடப்பட்ட இரு கப்பல்களின் குற்றம் அவருடையதன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே நல்லாசிரியர் கடன்.