பதினேழு சதவீதக் கோடு

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இயங்குகிறது. 1986இல் அது வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்ற குண்டு நெல், தாமிரபரணிக் கரை வயல்களில் நிலைத்துவிட்டது. விதையில் காட்டிய அக்கறையை நம் அறிவியல் விற்பனைக் களத்திலும் காட்டியதா என்பதே கேள்வி.

நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். இது காற்றில் பிறந்த எண் அல்ல. ஈர நெல் குவியலில் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். ஆனால் அதே அறிவியல் வேறு இரண்டு எண்களையும் சொல்கிறது. 20 சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே அறுப்பது நல்லது. வயலிலேயே காயவிட்டால் மணியில் வெடிப்பு விழுந்து ஆலையில் நொய் கூடும். மாதக்கணக்கில் இருப்பு வைக்க 14 வேண்டும். விதியோ நடுவிலுள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 20இலிருந்து 17க்கு இறக்கும் செலவு உழவர் தலையில். 17இலிருந்து 14க்கு இறக்கினால் அவருக்குக் கிடைப்பது என்ன?

நட்டம்தான். 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14க்கு உலர்த்தினால் எடை 96.5 கிலோவாகும். 2025-26இல் பொது ரகத்துக்கு விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக, நெல்லை நன்றாகக் காயவைத்தவருக்குச் சுமார் 87 ரூபாய் குறைகிறது. பிசானப் பருவ அறுவடை வெயிலில் நெல் தானாகவே காய்கிறது. தண்டம் கட்டுவது அதைக் கொண்டுவரும் உழவர். கார் பருவ அறுவடையின் பின்பகுதியோ வடகிழக்குப் பருவமழையோடு முட்டிக்கொள்கிறது. அப்போது தார்ச்சாலைதான் களம், தார்ப்பாய்தான் கிட்டங்கி.

வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. மழை பெய்யும், மாநிலம் கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், ஆணை பிறகு வரும். 2022இல் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2025இல் மாநிலம் 22 கேட்டது. ஆணைக்குக் காத்திருக்கும் மூட்டையில் நெல் முளைவிடும். ஆய்வகம் இருக்கிறது, ஆனால் காலம் கடந்து பேசுகிறது.

ஈரத்துக்கேற்ப விலையைப் படிப்படியாக வைக்கலாமே என்றால், அதிகாரிகள் தரப்பில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஒற்றைக் கோட்டைத் தணிக்கை செய்வது எளிது, படிகள் வைத்தால் ஒவ்வொரு படியிலும் பேரம் நுழையும். மூட்டைக்கு இவ்வளவு என்று கறப்பதாகப் புகார்கள் உள்ள இடத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனாலும் ஏற்க முடியவில்லை. ஆவின் சங்கங்கள் கொழுப்பும் இதர சத்தும் அளந்துதான் பாலுக்கு விலை போடுகின்றன. கரும்புக்கும் சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்தே விலை கூடுகிறது. பேரம் கோட்டிலும் நடக்கும், 17.2 காட்டும் கருவியை 16.9 ஆக வாசிக்க ஒரு கண்சிமிட்டல் போதும்.

பழி கொள்முதல் துறைக்கு மட்டுமல்ல. ரகம் வெளியிடும்போது விளைச்சல், வயது, நோய் எதிர்ப்பு என்று முழங்கும் ஆய்வுலகம், அந்த ரகம் கொள்முதல் நிலையத்தில் எப்படி விலைபோகும் என்று பேசுவதில்லை. மணியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குறைந்தால் அது பொது ரகம். சன்ன ரகத்துக்கோ 2025-26இல் 2,545 ரூபாய். இட்லிக்குப் பேர்பெற்ற குண்டு நெல்லுக்கு அங்கே 45 ரூபாய் குறைவு.

என் தீர்ப்பு: 17 என்ற கோடு போக வேண்டும், உலர் எடைக்கு விலை வர வேண்டும், அளவு அச்சிட்ட சீட்டில் உழவர் கைக்கு வர வேண்டும். அதற்கு முன், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி ஒரு கார் பருவம் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கொள்முதல் நிலையங்களில் உட்கார்ந்து, கையடக்கக் கருவி காட்டும் ஈரத்தை அடுப்பில் உலர்த்திப் பார்த்த கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ரகவாரியாக வெளியிடட்டும்.