காற்று எங்களது, கருவி யாருடையது?

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் மூன்று சிறு தீவுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையில் ஆசியாவின் இரண்டு பெரிய நாடுகள் முகம் கோணின. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் இணைத்து ஓடும் கலப்பு மின் நிலையங்களை அமைக்கும் பணியை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை அனுமதி அளித்தது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கி வழியாக வரவிருந்தது. தமிழ்நாட்டுக் கரை அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அதே வேலையை நன்கொடையாகவே செய்து தருகிறோம் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகவும் அதே நிறுவனம் மாலைதீவில் வேலை செய்யப்போவதாகவும் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மாதம் யாழ்ப்பாணம் வந்த சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டதும் செய்தியானது. கந்தன் யார் பக்கம் என்று எவரும் கேட்கவில்லை.

2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் வந்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூருவின் யூ சோலர் நிறுவனத்துடன் வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அரசின் நன்கொடை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் டொலர். முதல் அனுமதிக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் போயிற்று. அவ்வளவு காலமும் தீவுகளில் டீசல் இயந்திரங்கள்தான் இரைந்துகொண்டிருந்தன.

நான் மின்பொறியியல் படிக்கும் மாணவன். அம்மாவின் ஊர் நயினாதீவு. வகுப்பில் இப்படியொரு நிலையம் கணக்காக வந்தால் ஓர் அலகு மின்சாரத்தின் அடக்கவிலையைக் கண்டுபிடித்துவிட்டுப் பேனையை மூடிவிடுவோம். இந்தத் திட்டம் அந்தக் கணக்குக்குள் அடங்க மறுக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும், அது சிறிதல்ல. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு போன்றவை கடல்வழிச் சாலைகளால் குடாநாட்டோடு பிணைந்திருப்பதால் தேசிய மின்வலையமைப்பு அங்கே போய்விட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரை முடிகிறது; அதற்கப்பால் இருப்பவர்களுக்கு எல்லாமே படகில்தான். மின்பிறப்பாக்கிக்கு வேண்டிய டீசலும் கடல் கடந்தே வருகிறது. எரிபொருளை ஏற்றி வரும் படகுக்கே எரிபொருள் வேண்டும் என்பதால் செலவு கூடுகிறது. மின்சார சபை நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான் வைத்திருக்கிறது. ஆகவே தீவில் எரியும் ஒவ்வொரு அலகிலும் சபைக்கு நட்டம். நட்டத்தில் ஓடும் சேவையை எந்த நிறுவனமும் மனமுவந்து விரிவாக்காது. 2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்றபோது, டீசலை மட்டும் நம்பிய ஊர் எவ்வளவு பலவீனமானது என்று எல்லோருக்கும் புரிந்தது. தீவாருக்கு அது பழைய செய்தி.

காற்றையும் வெயிலையும் சேர்த்தது நல்ல பொறியியல். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் இங்கே நின்று வீசும். கடலுக்குப் போகும் எவரைக் கேட்டாலும் அந்த மாதங்களின் குணத்தைச் சொல்வார். மார்கழியில் வாடை. இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில் காற்று படுத்துவிடும், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒன்று ஓயும்போது மற்றது கைகொடுக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா ஆனியில் வருகிறது. ஊரின் மின்தேவை உச்சத்துக்கு ஏறும் அந்த நாட்கள் சோளகக் காலத்துக்குள் விழுவதும் நல்வாய்ப்பு.

இப்போது எண்களுக்கு வருவோம். மூன்று தீவுகளுக்கும் சேர்த்துச் சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற், காற்று 530, மொத்தம் 2,230 கிலோவாற். மின்கலங்களின் கொள்ளளவு 2,400 அலகு. இவற்றோடு 2,500 கிலோவாற் டீசல் மின்பிறப்பாக்கிகள் மாற்று ஏற்பாடாக. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: பச்சை மின்சாரம் என்று எல்லோரும் கொண்டாடும் திட்டத்தில் டீசலின் கொள்ளளவு சூரியனையும் காற்றையும் கூட்டியதைவிடப் பெரிது. இதைப் பித்தலாட்டம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நாள் முகில் மூடி, காற்றும் விழுந்து, மின்கலமும் வடிந்துபோனால் ஆஸ்பத்திரியின் தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி நிற்கக்கூடாது. வலையமைப்பின் துணையில்லாத தீவுக்கு முழுத் தேவைக்கும் மாற்று வைப்பதே முறை. டீசல் போகாது, எரிக்கும் அளவு குறையும். கொண்டாடுவோர் இதையும் சொல்லியிருக்கலாம்.

மின்கலம் பற்றியும் ஒரு கணக்கு. 2,400 அலகு என்பது 300 கிலோவாற் வீதம் எட்டு மணித்தியாலம். அது மூன்று தீவுகளுக்கும் சேர்த்து, ஓர் இரவுக்கு. மின்கலத்தை அடிமட்டம்வரை வடியவிடுவதில்லை என்பதால் கைக்கு வருவது அதிலும் குறைவு. மாறாக, நல்ல வெயில் நாளில் சூரியத் தகடுகளிலிருந்து 6,000 முதல் 7,000 அலகு எதிர்பார்க்கலாம். வீடுகளில் ஆளில்லாத நண்பகலில் அது குவியும். தேக்க இடமில்லாத மின்சாரத்தை உற்பத்தி செய்யாமல் தடுத்துவிடுவதே கட்டுப்பாட்டுக் கருவியின் வேலை. அதாவது, வீண்.

இங்கேதான் தீவை அறிந்த ஒருவர் திட்ட மேசையில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நெடுந்தீவில் குடிநீருக்குப் படும் பாடு எல்லோரும் அறிந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் பொறி ஒரு கனமீற்றர் நீருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் கேட்கும். நண்பகலில் மிஞ்சும் 1,000 அலகை அதற்குக் கொடுத்தால் இரண்டரை இலட்சம் லீற்றர் நீர் தாங்கியில் ஏறும். தாங்கி மின்கலத்தைவிட மலிவு, பத்தாண்டில் செத்துப்போவதுமில்லை. மீனவருக்கு வேண்டிய ஐஸையும் அப்படியே பகலில் உறையவைக்கலாம். மின்சாரத்தை மின்சாரமாகவே தேக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதற்குப் பெரிய அறிவு வேண்டாம். ஊரில் எதற்குத் தட்டுப்பாடு என்று கேட்டால் போதும்.

பெரிய குறை பராமரிப்பில் இருக்கிறது. நெடுந்தீவின் தெருவோரங்களில் சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகளைப் பார்க்காத பயணி இல்லை. மாடு முட்டி ஒரு பக்கம் சரிந்தால் வளவுக்காரரே கல்லைத் தூக்கி அடுக்கிவிடுவார். கல்வேலி தடுப்பூசியைக் குளிராக வைத்திருக்காது, ஆகையால் பழமையைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. ஆனால் பழுதுபார்க்கும் அறிவு அந்த வளவுக்குள்ளேயே இருந்தது. லிதியம் மின்கலத்தின் கட்டுப்பாட்டு மென்பொருள் முடங்கினால் அதைத் திறக்கும் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? கொழும்பிலா, பெங்களூருவிலா? உப்புக்காற்று காற்றாலையின் இரும்பைத் தின்னும். சூரியத் தகட்டில் உப்பும் புழுதியும் படியும். மின்கலம் வெப்பத்தில் சீக்கிரம் கிழடாகும். உதிரிப்பாகம் வருவதற்குள் கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. நன்கொடை முதல் மின்கலத்தை வாங்கித் தரும். அடுத்ததை யார் வாங்குவது? பழையதை எங்கே போடுவது? குப்பை அகற்றவே வழி தேடும் தீவில் கழித்த லிதியம் மின்கலங்கள் சேர்வதை நினைத்தால் எனக்குக் கலக்கம்.

ஊரார் தாங்களே மின்சாரத்தை நடத்த முடியாது என்று சொல்வோருக்கு மறுமொழியாக இரண்டு சான்றுகள் உண்டு. ஸ்கொட்லாந்தின் மேற்கே எக் என்றொரு சிறுதீவு. ஏறத்தாழ நூறு பேர் வாழும் இடம். ஒவ்வொரு வீடும் தன் டீசல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய நிலை மாறி, 2008இல் நீர், காற்று, சூரியன் மூன்றையும் இணைத்த வலையமைப்பு அங்கே ஓடத் தொடங்கியது. உடைமை ஊராரது, பராமரிப்பவர்களும் ஊரவர்கள்தான். எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாற்றைத் தாண்டக்கூடாது என்பது கட்டுப்பாடு. அது எல்லா வீட்டுக்கும் ஒன்று என்பதால் நிற்கிறது.

மற்றச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சப்ரகமுவ மலையோடைகளில் கிராமத்தவர் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்களை நடத்தினார்கள். கால்வாய் துப்புரவு முதல் கட்டண வசூல் வரை அவர்களே பார்த்தார்கள். பிறகு தேசிய மின்கம்பி வந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஊரார் உடைமை என்பது மந்திரமல்ல, வசதியான மாற்று வந்தால் மனிதர் அதற்குத்தான் போவார்கள். மூன்று தீவுகளுக்கு அந்த மாற்று இப்போதைக்கு வராது. அதனாலேயே சங்க முறை அங்கே நிலைக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

2025இல் மன்னார்த் தீவில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியதை இந்த மூன்று தீவுகளின் திட்டத்தோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அங்கே ஏற்கெனவே 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் திறனோடு நிற்கின்றன. மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகிறது, மழைவெள்ளம் வடியாமல் நிற்கும் அச்சம் ஊருக்கு மிஞ்சுகிறது. நெடுந்தீவின் காற்று நெடுந்தீவுக்கே எரியப்போகிறது. அளவும் நோக்கமும் வேறு. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: அங்கே வாழ்பவர்களின் பேச்சு கடைசியில்தான் கேட்கப்படுகிறது.

நயினாதீவில் மாமா ஒருவரிடம் சீனா, இந்தியா கதையை எடுத்தேன். "ஆர் தந்தாலென்ன தம்பி, ராவில லைற் எரிஞ்சாச் சரி" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் யார் தந்தார் என்பதைவிட, நின்றால் யார் ஓட்டுவார் என்பதுதான் ராவில் லைற் எரிவதைத் தீர்மானிக்கும். தீவுப் பிள்ளை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கப் பெரும்பாலும் கடல் கடந்தே போகவேண்டியிருக்கிறது. போன பிள்ளை திரும்புவது அரிது. கருவி உள்ளே வருகிறது, அதைப் புரிந்துகொள்ளக்கூடியவன் வெளியே போகிறான். நானும் அப்படிப் போனவளின் பிள்ளை என்பதால் குற்றஞ்சாட்டும் தகுதி எனக்கில்லை. வேலை அங்கேயே இருந்தால் சிலராவது நிற்பார்கள் என்று மட்டும் சொல்வேன்.

என் தீர்ப்பு இதுதான்: திட்டம் வேண்டும், தாமதித்தது தவறு, இப்போதிருக்கும் வடிவில் அது பாதித் திட்டம். மின்சார சபை ஒவ்வொரு தீவிலிருந்தும் நாலைந்து இளைஞர்களையும் யுவதிகளையும் தெரிந்தெடுத்து, ஒப்பந்தக்காரரின் பொறியியலாளர்கள் ஊரைவிட்டுப் போகுமுன் அவர்களோடு வேலை பழக்கி, நிரந்தர நியமனம் கொடுக்க வேண்டும். மென்பொருளின் கடவுச்சொல்லும் சுற்றுப்படங்களும் தமிழ் வழிகாட்டியோடு தீவின் நிலையத்திலேயே இருக்க வேண்டும். டீசலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அடுத்த மின்கலத்துக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும். அன்றன்று எத்தனை அலகு வெயிலிலிருந்து, எத்தனை டீசலிலிருந்து என்பதை இறங்குதுறையில் ஒரு பலகையில் எழுதிவைக்கட்டும். படகுக்குக் காத்திருக்கும் சனம் வாசிக்கும், கேள்வியும் கேட்கும்.