ஒரு கை மணல்

வாயு பலூன் காற்று போன போக்கில் போகிறது, அதில் ஓட்டுபவனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கூடைக்கு வெளியே வரிசையாகத் தொங்கும் மணல் மூட்டைகளைப் பார்க்க வேண்டும். பலூன் ஓட்டும் கலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பலூனுக்குச் சுக்கான் இல்லை. மணலைக் கொட்டினால் ஏறலாம்; உச்சியில் இருக்கும் வால்வின் கயிற்றை இழுத்து வாயுவை வெளியேற்றினால் இறங்கலாம். இரண்டுமே போனால் திரும்பி வராதவை. வெயில் ஏறினால் வாயு விரிந்து பலூன் தானாக மேலே போகும், உபரி வாயு அடிவாயில் வழியே வெளியேறிவிடும். ஒரு மேகம் மறைத்தாலே போதும், வாயு குளிர்ந்து பலூன் சரியும். அதை நிறுத்த மணல் செலவாகும். மாதக் கடைசியில் பணத்தை எண்ணி எண்ணி எடுக்கும் குடும்பஸ்தனின் நிலைதான் ஓட்டிக்கும். தேர்ந்தவன் மூட்டையைக் கவிழ்ப்பதில்லை. ஒரு கை அள்ளித் தூவுகிறான், பிறகு பொறுத்திருக்கிறான். விளைவு உடனே தெரியாது. அவசரப்பட்டு இன்னொரு கை போட்டால் தேவைக்கு மேல் ஏறி வாயுவை இழப்பான். அந்தப் பொறுமைதான் எனக்கு இந்தக் கலையின் உச்சம்.

1906 செப்டம்பர் 30 மாலை, பாரிஸின் துய்லரி தோட்டத்திலிருந்து 16 பலூன்கள் கிளம்பின. பத்திரிகை அதிபர் ஜேம்ஸ் கார்டன் பென்னெட்டின் கோப்பைக்கான முதல் போட்டி அது. விதி எளியது: யார் அதிக தூரத்தில் இறங்குகிறாரோ அவருக்கே வெற்றி. மாலையில் கிளம்புவதற்கும் காரணம் உண்டு. இரவில் வெயிலின் ஏற்ற இறக்கம் கிடையாது, மணல் மிச்சமாகும்.

பங்கேற்றவர்களில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் சார்லஸ் ரோல்ஸ் இருந்தார். விமான முன்னோடி சாந்தோஸ் துமோன் தன் பலூனில் இயந்திரம் பொருத்தி வந்து, அதில் கை சிக்கிக் காயம்பட்டு, பிரான்ஸிலேயே இறங்கினார். வென்றவர் 28 வயது அமெரிக்கக் குதிரைப்படை லெப்டினன்ட் ஃபிராங்க் லாம். பாரிஸில் வசித்த, பலூன் பித்துப் பிடித்த தந்தையின் இடத்தில் கூடையேறியவர். துணைக்கு வந்த மேஜர் ஹென்றி ஹெர்ஸி வானிலைத் துறைக்காரர். காற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் சென்றதிலேயே பாதி வெற்றி இருக்கிறது என்பது என் எண்ணம்.

பௌர்ணமிக்கு முந்தைய நிலவில் எதிரே ஆங்கிலக் கால்வாய். கடல் மேல் மணல் தீர்ந்தால் தண்ணீரில்தான் இறங்க வேண்டும். பலர் கரைக்கு இப்பாலேயே இறங்கிவிட்டார்கள். லாமும் ஹெர்ஸியும் கடந்தார்கள். பலூன் காற்றோடு காற்றாகவே நகர்வதால் கூடையில் இருப்பவருக்குக் காற்றடிப்பதே தெரியாது. மடியில் விரித்த வரைபடத்தின் ஓரம்கூட அசையாது. கீழே நிலம் நகர்வதுதான் வேகத்துக்கு ஒரே சாட்சி. கடலுக்கு மேல், இருட்டில், அந்தச் சாட்சியும் மங்கிவிடும். இங்கிலாந்தின் மேல் வடக்கே பறந்து, மறுநாள் பிற்பகல் யார்க்‌ஷயரின் ஃபைலிங்டேல்ஸில் இறங்கினார்கள். அதற்கப்பால் வட கடல். 647 கிலோமீட்டர், 22 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

தூரத்தை மட்டும் பார்த்தால் 1912இல் இதே கோப்பைக்காக ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரஷ்யாவுக்குள் 2,191 கிலோமீட்டர் பறந்த பியெனேமே எங்கோ இருக்கிறார். 1908இல் பெர்லினிலிருந்து கிளம்பிய சுவிஸ்காரர்கள் ஷேக்கும் மெஸ்னரும் 73 மணி நேரம் வானில் இருந்து, நார்வேக்கு அருகே கடலில் போய் விழுந்தார்கள். அந்த நேரச் சாதனையை 1995 வரை இந்தப் போட்டியில் யாரும் முறியடிக்கவில்லை. அவற்றை வியக்கிறேன். ஆனால் துணிச்சலும் நிதானமும் சரியான அளவில் கலந்தது 1906இல்தான். கால்வாயில் துணிந்தவர்களே வட கடலின் முன் நிறுத்திக்கொண்டார்கள்.

போட்டிகளில் கட்டற்றுப் பறந்த பலூனை ராணுவம் பயன்படுத்தியது பெரும்பாலும் கட்டிப்போட்டுத்தான். 1794இல் ஃப்ளூருஸ் போரில் பிரெஞ்சுக்காரர் கூத்தெல் கயிற்றில் கட்டிய பலூனிலிருந்து மணிக்கணக்கில் எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்துக் குறிப்புகளைக் கீழே அனுப்பினார். 1870இல் முற்றுகையிடப்பட்ட பாரிஸிலிருந்து தபாலோடு புறப்பட்டவையோ கட்டறுத்தவை. அவற்றில் ஒன்று காற்றில் திசைமாறி நார்வேயில் போய் இறங்கியது.

முதல் உலகப் போரில் இந்த இரண்டு வழிகளும் ஒன்று சேர்ந்தன. முன்னணிக் களத்தில் கம்பிவடத்தில் கட்டிய பலூன்களிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொன்னார்கள். குண்டு பட்டோ புயலிலோ வடம் அறுந்தால், அந்த நொடியே அது சுதந்திர பலூன். உள்ளே இருப்பவனுக்கு வால்வும் மணலும் பழகியிருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்க ராணுவத்தின் ஒமாஹா பலூன் பள்ளியில் கட்டற்ற பயணத்தையும் பாடமாக வைத்தார்கள். 1917இல் அந்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர், துய்லரியிலிருந்து கிளம்பிய அதே லாம்.