எட்டு இலக்கத்துக்குள் ஒரு கைலி

தென்காசி வட்டாரத்துத் துணிக்கடையில் கைலி எடுத்தால், "மூட்டித் தரவா?" என்று கேட்பார்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஒரே ஒரு தையல். தையல்காரருக்கு இரண்டு நிமிட வேலை. அதே கைலி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கினால் அந்தத் தையல் அவ்வளவு லேசான சமாச்சாரம் இல்லை. மூட்டாத பருத்திக் கைலியும் வேட்டியும் சேலையும் இந்தியச் சுங்கத் தீர்வைப் பட்டியலின் 52-ஆம் அத்தியாயத்தில், பருத்தித் துணிகளுக்கு நடுவே, பெயர் சொல்லியே இடம்பெற்றவை. அதாவது அவை ஆடை அல்ல, துணி. மூட்டுத் தையல் விழுந்துவிட்டால் கதை மாறும். தைத்து இணைத்த எதுவும் ஆயத்தப் பொருள் என்கிறது ஜவுளிக்கான பதினோராம் பிரிவின் 7-ஆம் குறிப்பு. அத்தியாயம் மாறும், எண் மாறும், வரி விகிதமும் மாறக்கூடும்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. என் கருத்தில் இந்த முறையின் பெருமையே இங்கேதான் இருக்கிறது. விற்பவர் என்ன பெயர் வைத்தார், வாங்குபவர் எதற்கு உடுத்துவார் என்ற விசாரணை கிடையாது. பண்டம் மேசைமேல் கிடக்கிறது. தொட்டுப் பார், எண்ணிப் பார், எடை போட்டுப் பார், பிறகு பெயர் சொல். உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த பட்டியல் 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 1986-லேயே தன் தீர்வைப் பட்டியலை அதன் அச்சில் வார்த்துக்கொண்டது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது. கடைசி இரண்டு இலக்கம் நம்முடையது.

அந்தப் பட்டியலை எழுதியவர்கள் துணியைக் கையால் அறிந்தவர்கள் என்பதற்கு அடையாளம் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். பிளாஸ்டிக் பூசிய துணியா, பிளாஸ்டிக்கேதானா என்ற சந்தேகமா? 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். முறிந்தால் அது துணி வகையில் சேராது. குழந்தை உடுப்பு என்றால் 86 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரமுள்ள பிள்ளைக்கானது. பின்னலாடைச் சட்டை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஒரு சென்டிமீட்டருக்குச் சராசரியாகப் பத்துக் கண்ணியாவது இருக்க வேண்டும். அதையும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும். இடுப்புக்குக் கீழே பை வைத்திருந்தால் அது அந்த வகைச் சட்டையே இல்லை. முன்பக்கத் திறப்பில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் படிந்தால் ஆண் உடை, மாறிப் படிந்தால் பெண் உடை. எதுவென்று தெரியாவிட்டால் பெண்கள் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். கடைசி விதி பழைய காலத்து வாசனை உள்ளதுதான். ஆனாலும் சென்னையில் பார்த்தாலும் சிங்கப்பூரில் பார்த்தாலும் ஒரே விடை வரும். வரிச் சட்டத்தில் அது சின்ன விஷயம் அல்ல.

ஆக, முறையில் கோளாறு குறைவு. அதன் தலையில் நாம் ஏற்றி வைத்த சுமையில்தான் கோளாறு. ஒரு பண்டத்துக்குப் பெயர் வைப்பதற்காக உண்டான எட்டு இலக்கத்தை, விலையைக் காவல் காக்கவும், சீனத் துணியைத் தடுக்கவும், அண்டை நாட்டோடு உள்ள மனத்தாங்கலைத் தீர்க்கவும் பயன்படுத்துகிறோம்.

செயற்கை இழைப் பின்னல் துணியின் கதையைப் பாருங்கள். பனியன், டிராக் பேண்ட், லெக்கிங்ஸ் தைக்க ரோல் ரோலாக வரும் பாலியஸ்டர் துணி. இன்வாய்ஸில் அடிமாட்டு விலை எழுதி வருகிறது என்று லூதியானா, சூரத், திருப்பூர் உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். 2024 மார்ச்சில் அயல் வர்த்தகத் தலைமை இயக்ககம் ஐந்து எண்களுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது: கிலோவுக்கு 3.50 டாலர். அந்த ஐந்து எண்களும் 6006 என்ற தலைப்புக்குள் அடங்கியவை. அதற்குப் பக்கத்து வீடு 6004. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர் ஸ்பாண்டெக்ஸ் நூல்: எடையில் 5 சதவீதம் இருந்தால் 6004, அதற்குக் குறைந்தால் 6006. ஆலையில் ஸ்பாண்டெக்ஸைக் கொஞ்சம் கூட்டி ஓட்டினால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, துணி சட்டப்படியே அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடும். ஸ்பாண்டெக்ஸைக் கூட்டாமல் தாளில் மட்டும் கூட்டுபவர்களும் இருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம். அதே ஆண்டு அக்டோபரில் ஐந்து எண்கள் பதிமூன்று ஆயின. காலக்கெடுவும் மீண்டும் மீண்டும் நீண்டது.

பிறகு 2025-26 பட்ஜெட் வந்தது. ஒன்பது எண்களுக்கு அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இரண்டில் எது கூடுதலோ அது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 115 ரூபாய் என்பது 575 ரூபாயில் 20 சதவீதம். கிலோ 575 ரூபாய்க்குக் கீழே எந்த விலை எழுதினாலும் வரி ஒன்றேதான். ஆகவே விலையைக் குறைத்து எழுதுவதில் இனி லாபமில்லை. அந்த அளவுக்கு இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் உண்மையாகவே 300 ரூபாய்க்கு வாங்கிய துணிக்கு இது 38 சதவீத வரி. 200 ரூபாய்த் துணிக்கு 57.5 சதவீதம். விலையுயர்ந்த துணி 20 சதவீதத்தோடு தப்பிவிடுகிறது. மலிவாக உடுத்துபவனுக்குக் கூடுதல் விகிதம். ஏற்றுமதியாளர் அட்வான்ஸ் ஆதரைசேஷன் எடுத்து வரியில்லாமல் அதே துணியைக் கொண்டுவந்துவிடலாம். உள்ளூர் சந்தைக்கு, குற்றாலச் சீசன் கடைகளில் தொங்குகிற மாதிரியான அரைக்கால் சட்டையும் டிராக் பேண்டும் தைக்கிற சிறு பட்டறைக்காரருக்கு அந்த வாசல் கிடையாது.

துணிக்கு இப்படிச் சுவர் எழுப்பிவிட்டு ஆடைக்கு என்ன செய்தோம்? தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ், குறைந்த வளர்ச்சி நாடு என்ற முறையில் வங்கதேசத்துக்கு 2011 முதல் மதுவும் புகையிலையும் நீங்கலாக ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வரியில்லை. பிறப்பிட விதி கேட்பது இரண்டு: நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும், 30 சதவீத மதிப்பு அங்கே கூட வேண்டும். சீனத் துணி டாக்காவில் தைக்கப்பட்டால் தலைப்பு தானே மாறிவிடுகிறது. இங்கே 115 ரூபாய் கட்ட வேண்டிய துணி, சட்டையாகி வந்தால் சுங்கவரி பூஜ்யம். இலங்கையோடு செய்த ஒப்பந்தம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகளுக்குத்தான் சலுகை; அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வங்கதேச விஷயத்தில் அந்த விவேகம் இல்லை. அதற்கு மாற்றாக 2025 மே 17 அன்று வந்தது வேறு ஒரு உத்தரவு: வங்கதேச ஆயத்த ஆடை மும்பை நவசேவா, கொல்கத்தா ஆகிய இரண்டு துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம். தூத்துக்குடியில் இறக்க முடியாது. துணியின் பிறப்பைச் சோதிப்பதற்குப் பதில் அது ஏறி வரும் படகைச் சோதிக்கிற வேலை இது.

தென்காசிப் பக்கத்து மக்களுக்கு எல்லைச் சுங்கம் புதிதல்ல. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரான மேலகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கத்து மண். இரண்டு அரசு, இரண்டு தீர்வை. 1865-ல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் அந்தச் சிக்கலில் பெரும்பகுதியை அவிழ்த்தது. அவிழ்த்த விதம் எளிது: கடல்வழி வரும் சரக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே விகிதம் என்று ஆக்கினார்கள். விகிதம் ஒன்றானபின் எல்லையில் மூட்டையைப் பிரிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. அருகருகே இருக்கும் இரண்டு எண்களுக்கும் இதே நியாயம்தான். விகிதம் ஒன்றாக இருந்தால் 6004, 6006 என்று யாரும் ஸ்பாண்டெக்ஸை வைத்து விளையாட மாட்டார்கள்.

இனி மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரைப் பார்ப்போம். 2011 முதல் சுயமதிப்பீடு. எண்ணையும் விகிதத்தையும் இறக்குமதியாளரே பில் ஆஃப் என்ட்ரியில் எழுதித் தர வேண்டும். தவறானால் பொறுப்பு அவருடையது. சாதாரணத் தவறுக்கு இரண்டு ஆண்டு, மறைத்தார் என்று துறை சொன்னால் ஐந்து ஆண்டு வரை பின்னால் போய் வரி கேட்கலாம். வரி அளவுக்கே அபராதம், சரக்குப் பறிமுதல், மீட்க வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். பெரிய நிறுவனத்துக்கு இதற்கென்று ஒரு துறையே இருக்கும். கடையநல்லூரிலோ தென்காசியிலோ இருந்துகொண்டு, சிங்கப்பூரில் இருக்கிற மச்சினன் மூலம் ஒரு கன்டெய்னர் வரவழைக்கிறவருக்குக் கிளியரிங் ஏஜென்ட்தான் கதி. அவரும் சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸில் இருக்கும் எண்ணைத்தான் பெரும்பாலும் அடிப்பார். 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்று எழுதியிருப்பது உண்மையா என்று இருவருக்கும் தெரியாது. கலப்புத் துணியில் எது எடையில் கூடுதலோ அதுதான் பெயர். 51-க்கும் 49-க்கும் நடுவில் அத்தியாயமே மாறிவிடும். தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல அது, ஆய்வகம் சொல்ல வேண்டியது.

2020 ஜூனில் பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கி அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்த முகமறியா மதிப்பீடு இதில் இன்னொரு திருப்பம். தூத்துக்குடியில் தாக்கல் செய்த பில்லை வேறு மாநிலத்தில் இருக்கும் அதிகாரி பார்ப்பார். யார் என்று இறக்குமதியாளருக்குத் தெரியாது. இதில் நல்லது நிறைய உண்டு. தெரிந்த முகத்துக்கு ஒரு எண், தெரியாத முகத்துக்கு ஒரு எண் என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. ஒரே துணிக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறு எண் போடும் பழக்கமும் குறைய வழி இருக்கிறது. ஆனால் துணியைப் பொறுத்தவரை ஒரு பெரிய இழப்பு. 7 மில்லிமீட்டர் உருளையில் வளைத்துப் பார் என்று சொன்ன சட்டத்தை, துணியைக் கண்ணாலேயே காணாதவர் கணினித் திரையில் நிறைவேற்றுகிறார். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார். அதுவரை கன்டெய்னர் கிடக்கும். டெமரேஜும் டிடென்ஷனும் ஓடும். 18-ஆம் பிரிவின்படி பத்திரம் எழுதிக்கொடுத்து, தற்காலிக மதிப்பீட்டில் சரக்கை எடுக்கலாம் என்று வழி இருக்கிறது. பத்திரத்தோடு கேட்கப்படும் ஈட்டுத்தொகையைச் சிறு வியாபாரி எங்கே போய்ப் புரட்டுவார்?

முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஏற்பாடு உண்டு. முன்தீர்ப்பு ஆணையம் மூன்று மாதத்துக்குள் எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால் அது ஆண்டுக்கணக்கில் செல்லும். இந்த முழு அமைப்பிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வரி கட்டுகிறவன் அரசிடம் முன்னதாகவே கேட்கலாம், அரசு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆணையம் இருப்பது டில்லியிலும் மும்பையிலும். தீர்ப்பு கேட்டவரை மட்டும் கட்டுப்படுத்தும்; அதே துணியைக் கொண்டுவரும் அடுத்தவர் மறுபடி கேட்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் துறைமுகம் வந்துவிடுகிற ஊர்க்காரருக்கு, துணிக்குப் பெயர் கேட்க மும்பை போக வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில், புளியங்குடி விசைத்தறிக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, இறக்குமதி செய்கிறவனுக்கு எதற்கு இவ்வளவு பரிவு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மலிவுப் பாலியஸ்டர் வந்து குவிந்தால் முதலில் நிற்பது அவர்கள் தறி. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பு வேண்டுமானால் ஒரு அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விகிதமாக, வெளிப்படையாக வைக்க வேண்டும். ஒன்பது எண்ணில் மட்டும் வைத்தால் பத்தாவது எண்ணில் துணி வந்து இறங்கும். அப்போது தறிக்காரருக்கும் காவல் இல்லை, நேர்மையான இறக்குமதியாளருக்கும் நிம்மதி இல்லை.

ஆகவே வகைப்பாட்டு முறையில் கை வைக்காமல் விட்டுவிடலாம்; அது நன்றாக எழுதப்பட்ட சட்டம். மாற்ற வேண்டியவை வேறு. பின்னல் துணிகளுக்கான 60-ஆம் அத்தியாயத்துக்கு ஒரே விகிதம் வேண்டும். ஆடைக்கான பிறப்பிட விதியில் துணி எங்கே பின்னப்பட்டது என்ற கேள்வி சேர வேண்டும். முன்தீர்ப்பு ஆணையத்தின் அமர்வு ஆண்டுக்கு ஒருமுறையாவது தூத்துக்குடிக்கு வர வேண்டும். தீர்ப்பின் சுருக்கம் தமிழில் வெளியாக வேண்டும். இவை நடக்கும்வரை, துணி வரவழைக்கிறவர்கள் சப்ளையரின் எண்ணை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கப்பல் ஏறுமுன் ஒரு மீட்டர் மாதிரியை வரவழைத்து, ஜவுளிக் குழு ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ இழைக் கலப்பைச் சோதித்து, அறிக்கையையும் மிச்சத் துணியையும் ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.